கீழ்வீட்டுக்காரியின் கடிதங்கள்

“இதோட நாலு. உன் கீழ்வீட்டுக்காரம்மா பள்ளிக்கூடத்துக்கே எழுதிப் போட்டுட்டாங்க” என்று ஹீவோன் கடிதத்தை மேசையில் வைத்தாள்.

லெராட்டோ திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடி வைத்தாள். தென்னாப்பிரிக்காவிலிருந்து தென்கொரியாவின் தேகு நகரத்துக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று தலைமையாசிரியர் நாளைக்கு முடிவு செய்கிறார்.

“இப்ப என்னக்கா தப்பு?”

கொரிய எழுத்தைக் கூட்டிப் படிப்பாளே தவிர, கையெழுத்து என்றால் அவளுக்குத் தலை சுற்றும். உடன் வேலை பார்க்கும் ஹீவோன்தான் படித்துச் சொல்ல வேண்டும். வந்த அன்று பஸ் கார்டு வாங்கிக் கொடுத்ததிலிருந்து அடுப்பைப் பற்றவைக்கக் கற்றுக்கொடுத்தது வரை எல்லாம் அவள்தான்.

“செவ்வாய்க்கிழமை கோழி எலும்பைச் சாப்பாட்டுக் குப்பையில போட்டியாம். எலும்பு வேற பையில போகணும்னு எத்தனை தடவை சொல்றது?”

அது இருவரும் லெராட்டோ வீட்டில் சேர்ந்து தின்ற கோழி.

போன வாரம்தான் கீழ்வீட்டம்மா ஒரு டப்பா கிம்ச்சி ஊறுகாய் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்கு முந்தின வாரம் வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டி, “எங்கே, சத்தமாப் படி பார்க்கலாம்” என்று நக்கலடித்தாள். கிம்ச்சியும் கொடுத்துக் குழியும் பறிக்கிறாளே என்று லெராட்டோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நாலையும் தலைமையாசிரியர் பார்த்தா அசிங்கம். நீயே ‘புதுப்பிக்க விருப்பமில்லை’ன்னு எழுதிக் குடுத்துட்டு மரியாதையாப் போயிடு. மத்ததை நான் பார்த்துக்கறேன்.”

“நீங்க ஒருத்தராவது எனக்கு இருக்கீங்களே அக்கா.”

ஹீவோன் எழுதி நீட்டிய தாளில் லெராட்டோ அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டாள். ஹீவோன் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேரே தலைமையாசிரியர் அறைக்கு நடந்தாள். மேசையில் கிடந்த கடிதத்தை லெராட்டோ பைக்குள் திணித்தாள்.

சாயங்காலம் கீழ்வீட்டுக் கதவைப் படபடவென்று தட்டினாள். இத்தனை நாள் சிரித்துப் பேசிய முகத்தைப் பார்த்ததும் அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன.

“என் வேலையே போச்சு! நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினேன்? ஏன் இப்படி எழுதினீங்க?” என்று அரைகுறைக் கொரியத்தில் கத்தியபடி கடிதத்தை நீட்டினாள்.

அந்தம்மா அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினாள். முகம் சிவந்துபோயிற்று. படிக்கட்டில் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, லெராட்டோவை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

“யார்கிட்டயும் சொல்லிடாதம்மா... எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது.”