டம்ளரின் அடியில்

வாடகை வீட்டில் இருவருக்கும் ஒரே அடுப்படி. குடிவந்த அன்றே ஸ்ரீநிதி, கறி சமைக்கும் ஹசீனாவின் பாத்திரங்களுக்கெல்லாம் அடியில் நெயில்பாலிஷால் சிவப்புப் புள்ளி வைத்தாள். “தப்பா எடுத்துக்காதடி, மாறிடக் கூடாதுன்னுதான்.” ஹசீனா சிரித்தபடி ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக் கொடுத்தாள்.

ஐப்பசி மழையில் ஹசீனா காய்ச்சலில் சுருண்டபோது, ஸ்ரீநிதி மிளகு ரசம் வைத்து, பதற்றத்தில் தன் டம்ளரிலேயே ஊற்றிக் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகுதான் உறைத்தது. இனி அதை எந்த அலமாரியில் வைப்பது? எப்படிச் சொல்வது?

காலையில் அடுப்படிக்குள் போனாள். டம்ளர் கழுவித் துடைத்து, ஹசீனாவின் அலமாரியில் கவிழ்ந்திருந்தது. அடியில் புதிதாக ஒரு சிவப்புப் புள்ளி. ஸ்ரீநிதிக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்புறம்தான் தொட்டுப் பார்த்தாள். இன்னும் காயவில்லை, விரலில் ஒட்டிக்கொண்டது.

உள்ளேயிருந்து ஹசீனாவின் குரல் கேட்டது. “ரசம் இன்னும் கொஞ்சம் இருக்காடி?”