ஒரு ஓரத்தில் ஏறிய பாரம்

மனைவியின் தம்பி என்றும் பாராமல் பட்டறைக்காரர் அவனை வெளியே அனுப்பியது சரிதான் என்றே எல்லோரும் சொன்னார்கள்.

பின்னே? காகித ஆலைக்குச் செய்து கொடுத்த பெரிய கியர், மாதம் திரும்புவதற்குள் பல் உடைந்து ஆலையே படுத்துவிட்டது. அதற்குப் பல் வெட்டியதும், உலையில் வைத்துப் பதம் ஏற்றியதும் மைத்துனன். ஆலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவனிடம் என்ன ஆச்சு என்று கேட்டார்.

"என் வேலைதான் சரியில்லை அத்தான். உலையில பதம் தப்பிடுச்சு."

ஏதாவது சாக்குச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பார். இத்தனை வருஷப் பெயரைக் கெடுத்துவிட்டு அலட்டிக்கொள்ளாமல் ஒப்புக்கொள்கிறானே என்று கோபம் தலைக்கேறியது. வேலையாட்கள் முன்னாலேயே வாய்க்கு வந்தபடி பேசிவிட்டார். அவன் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான்.

வேறு ஊரில் யாரிடமோ கூலிக்கு நிற்பதாகக் கேள்வி. அக்காவைப் பார்க்கக்கூட வரவில்லை. மனைவி இவரோடு சண்டை போடவில்லை, பேச்சைத்தான் குறைத்துக்கொண்டாள்.

புதுக் கியரைப் பட்டறைக்காரர் கூடவே நின்று செய்வித்தார். உலைப் பக்கம் யாரையும் அண்டவிடவில்லை.

ஆறு மாதத்தில் அதுவும் உடைந்தது.

விழுந்தடித்து ஆலைக்கு ஓடினார். பார்வை மங்கிவந்ததால், பல் பல்லாக விரலால் தடவிப் பார்த்தார். எல்லாப் பல்லிலும் ஒரு ஓரம் நொறுங்கிக் கிடந்தது. மறு ஓரம் புத்தம் புதுசாக இருந்தது.

பல்லில் குற்றமில்லை. கியர் மாட்டியிருக்கும் ஷாஃப்ட் சாய்ந்து, பாரம் முழுக்க ஒரே ஓரத்தில் ஏறியிருக்கிறது. ஷாஃப்டைத் தாங்கும் பேரிங் பெட்டியைக் கோணலாகத் துளைத்திருந்தால்தான் இப்படி ஆகும்.

முதல் கியரோடு சேர்த்து ஆலைக்குச் செய்து கொடுத்த அந்தப் பெட்டியைத் துளைத்தது அவரேதான். 'கொடுங்க அத்தான், நான் செய்யறேன்' என்று மைத்துனன் கேட்டும் கொடுக்கவில்லை.

"அவன் வந்தப்போ இதைப் பார்க்கலியாம்மா?" என்று ஆலை இன்ஜினியரம்மாவைக் கேட்டார்.

"அன்னைக்கே பார்த்துட்டார் சார். பெட்டிக்கு அடியில தகடு சொருகிச் சரிக்கட்டினார். வேற பெட்டி செஞ்சு கமுக்கமா மாத்தித் தரேன்னார். அப்புறம் வரவேயில்லை. மெஷின் ஓடுச்சு, நானும் விட்டுட்டேன். இப்போ அந்தத் தகடு நழுவிடுச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அவள் தயங்கினாள்.

"சொல்லத்தான் போன் எடுத்தேன். 'கியர் உடைஞ்சா வேற செஞ்சுக்கலாம் மேடம். அத்தான் மனசு உடைஞ்சா அப்புறம் மெஷினைத் தொடவே மாட்டார்'னு என் வாயை அடைச்சுட்டார்."