மஞ்சள் ஒயர்

மஞ்சள் ஒயரை அவள் பிடுங்கினாள்.

கணினித் திரை கறுத்தது. கதாநாயகியின் முகம் போயிற்று. சிவப்பு ஒயரும் வெள்ளை ஒயரும் இருந்த இடத்திலேயே இருந்தன, அதனால் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அது அவளுடைய குரல்.

அந்த டிவி தொடர் ஓடிய காலம் முழுக்கக் கதாநாயகிக்கு டப்பிங் பேசியவள் அவள்தான். வடக்கேயிருந்து வந்த அந்தப் பெண்ணுக்குத் தமிழில் வணக்கம் சொல்ல வரும், அவ்வளவுதான். மாமியாரை எதிர்த்துப் பேசியது, கோர்ட்டில் வாதாடியது, ஆஸ்பத்திரி வராந்தாவில் அலறியது எல்லாம் இவள். அந்தப் பெண் நகைக்கடை திறக்க வந்தால் கூட்டம் தெரு கொள்ளாது. இவள் அதே தெருவில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்பாள், ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அதில் அவளுக்குப் பெரிய வருத்தமில்லை, தொண்டை இருந்தவரை.

போன வருடம் தைராய்டு ஆபரேஷன். கட்டி போயிற்று. கூடவே குரலும் போயிற்று. இப்போது வெறும் காற்றுதான் வருகிறது. பக்கத்தில் வந்து காது கொடுத்தால் புரியும்.

தொடரைப் போட்ட சேனலையே மூடிவிட்டார்கள். மிச்சமிருப்பது, கணவர் தணிகாசலம் இந்த செட்டாப் பாக்ஸில் பதிந்து வைத்த பகுதிகள் மட்டும்தான். நாளைக்கு டிஷ் கம்பெனி ஆள் வந்து புதுசை மாட்டிவிட்டுப் பழைய பாக்ஸை எடுத்துப் போய்விடுவான்.

முதலில் பென்டிரைவில் ஏற்றிப் பார்த்தாள். பாக்ஸ் மகா கஞ்சன். தான் பதிந்ததை வேறு எதிலும் திறக்க விடாது. சரி, ஓடவிட்டே பிடிப்போம் என்று, ஓடுவதைக் கணினியில் பதிகிற ஒரு சின்னக் கருவி வாங்கிவந்து, பாக்ஸையும் கணினியையும் ஒயரால் இணைத்தாள். இன்னொருத்தியின் உதட்டசைவுக்குள் வார்த்தையைக் கச்சிதமாக உட்காரவைத்தவளுக்கு இதெல்லாம் ஒரு பிரமாதமா?

தணிகாசலம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். கையெல்லாம் மீன் செதில்.

"செண்பகம், படமே வரலம்மா. மஞ்ச ஒயரு கழண்டுபோச்சு பாரு."

அவள் ஒயரைத் தூக்கிக் காட்டினாள். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

அவர் கறுத்த திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மீனுக்குத் திரும்பினார்.

குரல் ஓடியது. அழுதது, சபதம் போட்டது. முகமில்லாமல் கேட்டபோது அவளுக்கே கர்வமாக இருந்தது. எவ்வளவு நன்றாகப் பேசியிருக்கிறோம்!

நடுவில் விளம்பரம் வந்தது. சோப்புத் தூள், மசாலாத் தூள், யார் யாருடைய குரல்களோ. சமையலறையில் குழாய் திறந்திருந்தது.

விளம்பரம் முடிந்தது. கத்தலும் அழுகையும் இல்லாமல், சாதாரணமாக, வீட்டில் பேசுகிற மாதிரி ஒரு வரி.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்."

"தோ, வரேன்!"

குழாய் நின்றது. ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடியே வேகமாக வந்தவர் அறை வாசலில் நின்றுவிட்டார். ஸ்பீக்கரில் அவள் குரல் யாரோ ஒரு கணவனிடம் அடுத்த வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டால் மறுபடியும் கையைத் துடைத்தார்.

"கூப்பிட்டியா?"

கூப்பிட்டேன் என்று தலையாட்டி, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.