தலைவர் மயிலையின் ஒப்பந்தம்

பந்தயக் காளைகள் சங்கத்துக்கு மயிலைக் காளைதான் தலைவர். எல்லாருக்கும் ஓய்வுநாள் கேட்டு மல்லுக்கு நின்றதில், முதலாளி அவருடைய ஒப்பந்தத்தை மட்டும் புதுப்பிக்கவில்லை. பந்தயத்தன்று மயிலையின் இடத்தில் ஒரு புதுக்காளையை வண்டியில் பூட்டினார்.

ஜோடிக்காளை செவலை அப்படியே படுத்துக்கொண்டது.

"எழுந்திருடா! சங்கம் இன்னும் வேலைநிறுத்தம் அறிவிக்கலையே!" என்று பதறினார் மயிலை.

"உங்க சங்கத்தைத் தூக்கி வைக்கோல்ல போடுங்க. நாலு வருஷமா பேசியே என் காதைப் புண்ணாக்கிட்டீங்க. ஆனா வளைவுல உங்க தோள் இடிக்காம எனக்குத் திரும்பத் தெரியாதே!"

முதலாளி முணுமுணுத்தபடி ஒப்பந்தத்தை நீட்டினார். மயிலை குளம்பைப் பதித்து, நுகத்தடியில் கழுத்தைக் கொடுத்தார்.

"இந்தத் தோள் விஷயத்தையும் கோரிக்கையில சேர்த்துடலாமாடா?"

"முதல்ல ஓடுங்க, தலைவரே!"