டேப்பட் கவர் திறந்து கிடக்கு

"புகை மட்டும்தானா, இல்ல கரிஞ்ச மணமும் வருதா தம்பி?"

சரோஜம் கேட்டதும் நவநீத் தலையை ஒரு மாதிரி ஆட்டி வைத்தான். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவனுக்கு எங்கே தெரியும்? அந்த லாரியோடு அவனுக்குப் பழக்கமே இன்று விடிந்ததிலிருந்துதான். விழிஞ்ஞத்தில் ரோட்டோரம் அநாதையாக நின்றதைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டான். இதுவரை ஸ்கூட்டர், பைக் என்று சில்லறையாகத் திருடிக்கொண்டிருந்தவன்; லாரி இதுதான் முதல்.

வரும் வழியில் நம்பர் பிளேட்டையும் மாற்றியாயிற்று. களியக்காவிளை எல்லையைத் தாண்டிவிட்டால் அப்புறம் யார் பிடிக்கிறது? ஆனால் பாழாய்ப்போன எஞ்சின், பாலராமபுரம் வருவதற்குள் கேபின் முழுக்கப் புகையைக் கக்கிவிட்டது. கண்ணில் பட்ட முதல் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்த வேண்டியதாயிற்று. அதை நடத்துகிறவள்தான் இந்தச் சரோஜம்.

"ரெண்டும் வருது சேச்சி. சீக்கிரம் பாத்து விடுங்க. நாகர்கோவில்ல லோடு ஏத்தணும்."

"விடலாம், விடலாம். சாவியை இங்க தா."

சாவிக்கு எங்கே போவது? ஒயரையல்லவா பிய்த்து முறுக்கி வைத்திருக்கிறான்!

"சாவி உள்ளேயே ஒடிஞ்சு போச்சு சேச்சி. ஒயரைச் சேத்துத்தான் ஸ்டார்ட் பண்றேன்."

"அய்யோ பாவமே!" என்றாள் சரோஜம். சேலைக்கு மேல் போட்டிருந்த காக்கிச் சட்டையின் கையை மடித்துவிட்டுக் கேபினில் ஏறி, எஞ்சின் மூடியைத் தூக்கினாள்.

"இந்த உள்மூடி இருக்கே, டேப்பட் கவர், இதுல லீக்கு. ஒழுகற ஆயில் நேரா சைலன்சர் பைப்புல விழுந்து கரியுது, கேட்டியா? அதான் புகை."

"இப்படியே ஓட்டிட்டுப் போயிர முடியாதா?"

"போலாமே. தீப்பிடிச்சா இறங்கி ஓடிக்கோ."

அவன் பதில் சொல்வதற்குள் போல்ட்டுகளைக் கழற்றிக் கவரைத் தூக்கி வெளியே வைத்துவிட்டாள். பிறகு போனை எடுத்தாள். "அனீஷே, இங்க ஒரு லாரிக்கு டேப்பட் கவர் திறந்து கிடக்கு. ஒட்டறதுக்குக் கம் இல்ல. ஒரு டியூப் வாங்கிட்டு உடனே வா, என்ன?"

வசமாக மாட்டிக்கொண்டோமே என்று நவநீத் ரோட்டைப் பார்த்தான். ஆனாலும் அந்தத் திறந்த எஞ்சினை எட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. எத்தனையோ பூட்டைத் திறந்தவன், எஞ்சினின் உள்ளே பார்த்ததேயில்லை. எண்ணெய் மினுங்க வரிசையாக நிற்கும் இந்த இரும்புத் துண்டுகள் எதற்கு? எது எதைத் தட்டுகிறது?

"இதெல்லாம் என்ன பண்ணும் சேச்சி?"

"வால்வைத் தட்டித் திறக்கும். காத்து உள்ளே போகும், புகை வெளியே போகும். ஓடற நேரத்துல இதுமேல எல்லாம் ஆயில் தெறிச்சுக்கிட்டே இருக்கும். அது வெளியே வராம இருக்கத்தான் மூடி." மூடியின் விளிம்பில் ஒட்டியிருந்த பழைய பேக்கிங்கைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள்: "வண்டி உன்னோடதா?"

"இல்ல, முதலாளியோடது. கரமனையில இருக்காரு."

"ஆளு எப்படி?"

"சரியான கஞ்சன். வண்டியைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு."

சரோஜம் சுரண்டுவதை நிறுத்தி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "ஓ! போல்ட்டை இந்த முறுக்கு முறுக்கி வச்சதும் அவருதானா?"

"வேற யாரு? லீக்குன்னு சொன்னா, இறுக்கு இறுக்குன்னு இறுக்குவாரு. புத்தி கொஞ்சம் மட்டு."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "இறுக்க இறுக்கப் பேக்கிங் நசுங்கும், இன்னும் ஒழுகும். பண்ணினது மடத்தனம்தான், ஒத்துக்கறேன்."

பொய் இவ்வளவு சரளமாக வருகிறதே என்று நவநீத்துக்குத் தன்மேலேயே மதிப்பு வந்துவிட்டது. இந்த அப்பாவிக்கு எதுவும் உறைக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் சமாளித்துவிட்டால் எல்லையைத் தாண்டிவிடலாம்.

பைக்கில் வந்து இறங்கினான் அனீஷ். நல்ல வாட்டசாட்டமான ஆள். டியூபைச் சரோஜத்திடம் கொடுத்துவிட்டு, லாரியை ஒருமுறை சுற்றிப் பார்த்து அதிலேயே சாய்ந்து நின்றான். அவள் புதுப் பேக்கிங்கை ஒட்டி, கவரை வைத்து, நடு போல்ட்டில் தொடங்கி ஒவ்வொன்றையும் பதமாக முறுக்கினாள். ஒட்டியது காய வேண்டும் என்று பால் விடாத கட்டன் சாயா வாங்கிக் கொடுத்து உட்காரவும் வைத்தாள். கடைசியில் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார்கள். புகையும் இல்லை, ஒரு சொட்டு ஆயிலும் இல்லை.

"ரொம்ப உபகாரம் சேச்சி! வரட்டா?" என்று துள்ளிக்கொண்டு ஏறப்போனவனின் தோளை அனீஷின் கை இறுகப் பிடித்தது.

"இவன் என் கூடப்பிறந்தவன், போலீஸ்ல இருக்கான்," என்றாள் சரோஜம், கையைத் துடைத்தபடி. "உபகாரம் நானல்லே உனக்குச் சொல்லணும்? இந்த லீக்காலதான் நேத்து என் வண்டியை விழிஞ்ஞத்துல போட்டுட்டு வந்தேன். எப்படி இங்க கொண்டாந்து சேக்கறதுன்னு தவிச்சுக்கிட்டு இருந்தப்ப, நீயே ஓட்டிட்டு வந்து நிறுத்திட்டியே!"