மடக்குக் கத்தியின் குறை

மலைக்கு மோட்டார் ரோடு வராத காலம், கண்ணுகளா. புருசன் வெள்ளையன் வாங்கி வந்த மடக்குக் கத்தியைத் திருப்பிக் கொடுக்க அத்தாயி சந்தைக்கு வந்திருந்தாள். வெள்ளையன் தலைகுனிந்து பின்னால் நின்றான்.

“ஏனுங்க, இதெல்லாம் ஒரு கத்தியா? தொட்டாலே தொறந்துக்குது!” என்று சந்தையே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டாள்.

“அலகு எப்படீங்க?” என்றார் கடைக்காரர்.

“அலகு நல்லாத்தான் இருக்குது. பலாப்பழத்துக்கும் தாங்குது, பிடியும் கைக்கு அடக்கம். பொருத்துதான் லொடலொடங்குது. சாமையை அளந்து கொட்டிட்டு இதை வாங்கியாந்திருக்குது பாருங்க, இந்த மகராசன்!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

கடைக்காரர் வேறொரு கத்தியைக் கையில் கொடுத்தால் பகை வரும் என்ற வழக்கப்படி பலகையில் வைத்தார். “இது நல்ல இறுக்கமுங்க. தொறந்து பாருங்க.”

அத்தாயி கட்டைவிரலால் தள்ளினாள். அசையவில்லை. பல்லில் கடித்து இழுக்கப் போனவள் சட்டென்று நிறுத்தினாள்.

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். “அதுக்கு ரெண்டு கை வேணுமுங்க. ஒத்தக் கையில தொறக்கணும்னு உங்க ஊட்டுக்காரருதான் கூடவே உக்காந்து, பொருத்தைத் தேய்ச்சு வாங்கிட்டுப் போனாரு. கையைப் பத்திப் பேசுனா உங்க மனசு நோகும், சொல்லிடாதீங்கன்னாரு.”

சின்ன வயதில் அடுப்பில் வெந்து மடங்கிப்போன இடக்கையை அத்தாயி முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“வேற கடை பாக்கலாமா, அத்தாயி?” என்று வெள்ளையன் பின்னாலிருந்து பயந்தபடி கேட்டான்.

சந்தையையே கூட்டியவள், அந்த லொடலொடக் கத்தியையே எடுத்துக்கொண்டு ஊர்ப்பக்கம் நடந்தாள்.