கடலுக்கு அடியில் ரோடு

"கடலுக்கு அடியில ரோடுங்கறேன், நம்பமாட்டேங்கறீங்க" என்றார் மாரப்பன், டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தபடி.

அது தொண்ணூற்றேழாம் வருஷம். அருள்புரத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஓலைக்கொட்டாய் டீக்கடை. நைட் ஷிப்ட் முடித்த பனியன் கம்பெனி ஆட்கள் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாரப்பன் ஊராட்சித் தலைவர். பனியன் ஏற்றுமதியும் உண்டு. ஹாங்காங்கில் ஒரு கண்காட்சிக்குப் போய்விட்டுக் காலையில்தான் வந்திறங்கினார். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்து உட்கார்ந்துவிட்டார். பெட்டிகூடக் காரிலேயே இருந்தது.

கடைக்காரி கருத்தம்மா உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள். தலைவர் அவள் கடையில் டீ குடிப்பது இதுதான் முதல் தடவை. அதுவும் மூணாவது டீ.

"தண்ணி ஒழுகாதாங்கய்யா?" என்று கேட்டாள்.

"ஒரு சொட்டு ஒழுகாதும்மா. உள்ளார வரிசையா காரு போகுது, பஸ்ஸு போகுது."

"தீவுக்குத் தீவு பரிசல்ல போவாங்கன்னு நெனச்சேனுங்க" என்றான் டெய்லர் மயில்சாமி.

"பரிசலா? ஒரு தீவுக்குப் பாலம், இன்னொரு தீவுக்குச் சுரங்கம். இந்தத் தீவுல காப்பி குடிச்சுப்போட்டு, நாக்குல சூடு ஆறறதுக்குள்ள அடுத்த தீவுல எறங்கிக்கலாம். தண்ணிக்குப் பயந்து நிக்கறதுங்கற பேச்சே அங்க கெடையாது."

கருத்தம்மாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"நம்மூரு ஓடைக்கும் ஒரு பாலம் கேட்டோமேய்யா. பொம்பளைக அம்புட்டுப் பேரும் வந்து உங்க வாசல்ல நின்னோம்."

அன்று அவர் சொன்ன பதில் அங்கிருந்த எல்லோருக்கும் மனப்பாடம். வருஷத்தில் ரெண்டு நாள் தண்ணீர் வருகிற ஓடைக்கு எதற்குப் பாலம்? அந்த ரெண்டு நாள் இருக்கிற இடத்தில் இருந்தால் யார் குடி முழுகிப்போகும்? அதற்கப்புறம் ஊர் எல்லையில் பாலத்துக்குப் பதில் ஓர் அலங்கார வளைவு எழும்பியது. அதில் அவர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

"ஓடையும் கடலும் ஒண்ணாம்மா?" என்றார் மாரப்பன், அவள் முகத்தைப் பார்க்காமல். "அது கெடக்குது. பாலத்துக்கு மேல பாலம் போகுது, அதைச் சொல்றேன் கேளுங்க."

சொல்ல ஆரம்பித்தவர், காற்றில் மேளச் சத்தம் வந்ததும் பாதியில் நிறுத்தினார். மயில்சாமி வெளியே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"இன்னும் ஏறுதுங்க தலைவரே. சுத்துப்பாதையிலயும் இடுப்பளவு தண்ணிங்களாமா. நல்ல நேரம் முடியறதுக்குள்ள வடியாதுங்க."

மாரப்பன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசலுக்கு வந்தார். கருத்தம்மா இன்னொரு டீயோடு அவர் பின்னால் போய் நின்றாள். அதை நீட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

செம்மண் நிறத்தில் சுழித்து ஓடும் ஓடைக்கு அக்கரையில், மாரப்பன் வீட்டுப் பந்தலில், பெண்ணைப் பெற்றவர் இல்லாமலே அவருடைய ஒரே மகளுக்கு நிச்சயத் தட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.